மலை யாருடையது? கிழக்குக் கென்டக்கியில் ஊர்மக்கள் திரண்ட கதை

கேள்வி இது: "அமெரிக்காவின் அப்பலாச்சிய நிலக்கரிப் பகுதி என்றாலே தொழிற்சங்கமும் துப்பாக்கிச் சண்டையும்தான் பேசப்படுகிறது. சங்கத்துக்கு வெளியே சாதாரண கிராமத்து ஆட்கள் திரண்டு எதையாவது சாதித்திருக்கிறார்களா? எப்படி? சுரங்கங்களே மூடிக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில் அப்படிப்பட்ட அமைப்புகளுக்கு இன்னும் வேலை இருக்கிறதா?"

சாதித்திருக்கிறார்கள். கிழக்குக் கென்டக்கியில் விவசாயிகளும் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் சேர்ந்து மாநிலத்தின் அரசியல் சாசனத்தையே திருத்த வைத்தார்கள். அதை எப்படிச் செய்தார்கள் என்று பார்த்தால், வீரத்தைவிட அதிகமாக உழைத்தது பொறுமையான பத்திர வேலைதான். நம் ஊரில் நிலத்தகராறு பார்த்தவர்களுக்கு இந்தக் கதை சட்டென்று புரியும். அதனால் பத்திரத்திலிருந்தே தொடங்குகிறேன்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நிலக்கரி ஏஜெண்டுகள் அந்த மலைப் பள்ளத்தாக்குகளில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். அவர்கள் நிலத்தைக் கேட்கவில்லை. நிலத்துக்கு அடியில் இருக்கும் கனிமத்தை மட்டும் கிரயம் கேட்டார்கள். ஏக்கருக்கு 50 சென்ட், அதாவது அரை டாலர், என்ற விலைக்குக்கூடக் கைமாறியது. எழுதப் படிக்கத் தெரியாத பலர் கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார்கள். பள்ளி ஆசிரியராக இருந்த ஜான் சி. சி. மேயோ என்பவர் இப்படிக் கனிம உரிமைகளைச் சேர்த்தே பெரும் செல்வந்தரானார். இந்தப் பத்திரங்களுக்கு 'பிராட் ஃபார்ம்' என்று பெயர். கனிமத்தை எடுப்பதற்குத் 'தேவையான அல்லது வசதியான' எதையும் மேல்நிலத்தில் செய்துகொள்ளலாம், அதனால் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்கிற பாணியில் அவை எழுதப்பட்டிருந்தன.

விற்றவர்கள் மனத்தில் இருந்தது கடப்பாறையும் குகை வாயும்தான். மலையின் ஓரத்தில் ஒரு துவாரம், உள்ளே ஆட்கள், மேலே வழக்கம்போல் சோளக்காடு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு புல்டோசர்கள் வந்தன. மேல்மண்ணை அப்படியே வழித்துத் தள்ளிவிட்டுக் கரியை எடுக்கும் திறந்தவெளிச் சுரங்கம் வந்தது. தாத்தா போட்ட ஒரு பெருக்கல் குறியைக் காட்டி, பேரனின் தோட்டத்தையும் பழமரங்களையும், சில இடங்களில் குடும்பக் கல்லறைகளையும்கூட வழித்தெடுத்தார்கள். 1956இல் கென்டக்கியின் அன்றைய மிக உயர்ந்த நீதிமன்றம் புக்கானன் எதிர் வாட்சன் வழக்கில் இதற்குச் சட்ட ஒப்புதலே கொடுத்துவிட்டது. நிலத்துக்கு வரி கட்டுகிறவன் ஒருவன், அதை அழிக்க உரிமையுள்ளவன் இன்னொருவன்.

முதலில் வந்தது தனிமனிதத் துணிச்சல். 1965 நவம்பரில் நாட் கவுன்டியில் (கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு), 61 வயதான ஓலி கோம்ப்ஸ் என்ற விதவை தன் வீட்டுக்கு மேலே மலைச்சரிவில் இறங்கி வந்த புல்டோசரின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். காவலர்கள் அவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிற புகைப்படம் நாடெங்கும் வெளியானது. நன்றி செலுத்தும் நாள் விருந்தை அவர் சிறையில் சாப்பிட்டார். அதே ஆண்டு அந்தக் கவுன்டியில் 'நிலத்தையும் மக்களையும் காக்கும் அப்பலாச்சியக் குழு' உருவானது. அடுத்த ஆண்டே ஆளுநர் பிரெத்திட் திறந்தவெளிச் சுரங்கங்களைக் கட்டுப்படுத்தும் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார். ஓலி கோம்ப்ஸின் துணிச்சலை நான் கொஞ்சமும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தச் சட்டம் பத்திரத்தைத் தொடவில்லை. படத்தைப் பார்த்து உருகியவர்கள் ஏராளம். 'என் நிலத்தின் பத்திரத்திலும் இதே வாசகம்தானே இருக்கிறது' என்று யோசித்துப் பார்த்தவர்கள் குறைவு. அந்த யோசனை வந்து சேர இன்னும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

அதற்கு வழி திறந்தது ஒரு வெள்ளம். 1977 ஏப்ரலில் கென்டக்கி, மேற்கு வர்ஜீனியா எல்லையில் டக் ஃபோர்க் ஆறு கரை புரண்டு ஊர்களை அடித்துக்கொண்டு போனது. வீடிழந்தவர்களுக்குத் தற்காலிக வீடுகள் வைக்க மேட்டு நிலம் தேடினால், எங்கு பார்த்தாலும் வெளியூர்க் கம்பெனி நிலம். நூற்றுக்கணக்கான சதுர மைல் மலை கண்முன்னே நிற்கிறது, ஒரு வீடு வைக்க இடமில்லை. அப்போதுதான் அந்த வட்டாரக் குழுக்கள் சேர்ந்து, 'இந்த மலையெல்லாம் யார் பெயரில் இருக்கிறது? அவர்கள் எவ்வளவு வரி கட்டுகிறார்கள்?' என்று கேட்டார்கள். கேள்வி எளியது, ஆனால் பதில் ஒரே இடத்தில் எங்கும் இல்லை.

ஆறு மாநிலங்களில் 80 கவுன்டிகளை எடுத்துக்கொண்டார்கள். பல்கலைக்கழக ஆட்கள் சிலர் துணைக்கு இருந்தார்கள். மற்றபடி வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் உள்ளூர் ஆட்கள். டென்னசியில் 1932இல் மைல்ஸ் ஹார்ட்டன் முதலானோர் தொடங்கிய ஹைலாண்டர் பயிற்சி மையம் இவர்களுக்குப் பத்திர அலுவலகத்தில் எதை எப்படித் தேடுவது என்று கற்றுக்கொடுத்தது. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய ரோசா பார்க்ஸ் 1955இல் பயிற்சிக்குப் போனாரே, அதே ஹைலாண்டர்தான்.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அமைப்பு உண்மையில் அங்கேதான் உருவானது. கவுன்டி நீதிமன்றக் கட்டடத்தின் பதிவறை. தடித்த பத்திரப் புத்தகங்கள், விற்றவர் பெயர் வரிசையில் ஒரு அட்டவணை, வாங்கியவர் பெயர் வரிசையில் இன்னொன்று. வரி அலுவலகத்தில் தனியாக ஒரு பட்டியல். இரண்டையும் பக்கத்தில் வைத்து, பெயருக்குப் பெயர் ஒத்துப்பார்க்க வேண்டும். ஒரே கம்பெனி நான்கு துணைக் கம்பெனிகளின் பெயரில் இருக்கும். முகவரி பிலடெல்பியாவிலோ நியூயார்க்கிலோ இருக்கும். மேல்நிலம் ஒருவர் பெயரில், கனிமம் இன்னொருவர் பெயரில், சில இடங்களில் கனிமம் வரிப் பட்டியலிலேயே இருக்காது. அன்றுவரை அந்த அறைக்குள் வக்கீலும் கம்பெனி ஆளும்தான் போய்வந்தார்கள். இப்போது ஊர்ப் பெண்மணி ஒருத்தி நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்து, 'அடுத்த தொகுதியைக் கொடுங்கள்' என்று கேட்கிறாள். அவளுக்கு அது பொது ஆவணம், கேட்க உரிமை உண்டு. அன்று மாலை வீடு திரும்பும்போது அவள் கையில் இருப்பது வெறும் புலம்பலில்லை, ஏக்கர் கணக்கு.

1981இல் அறிக்கை வந்தது. அந்த 80 கவுன்டிகளில் உள்ளூர் மக்களில் ஒரு சதவீதம் பேரும், வெளியூர் உடைமையாளர்களும், கம்பெனிகளும், அரசுத் துறைகளும் சேர்ந்து குறைந்தது 53 சதவீத நிலப்பரப்பை வைத்திருந்தார்கள். கனிம உரிமையாளர்களில் பெரும்பாலோர் கட்டிய சொத்து வரி ஏக்கருக்குச் சில சென்ட்தான்.

அதே ஆண்டு ஆகஸ்டில் கென்டக்கியின் ஹசார்ட் நகரில் பல கவுன்டிகளிலிருந்து வந்த சிலர் கூடி 'கென்டக்கி நியாய வரிக் கூட்டணி' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதுதான் பின்னாளில் 'கென்டக்கியன்ஸ் ஃபார் த காமன்வெல்த்' என்று பெயர் மாறியது. அவர்கள் எடுத்த முதல் கோரிக்கையைக் கவனியுங்கள்: வெட்டியெடுக்காமல் நிலத்தடியில் கிடக்கும் கரிக்கும் முறையாக வரி போடு. அப்போது கென்டக்கியில் அதற்கு வரி நூறு டாலர் மதிப்புக்கு ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பெயருக்கு ஒரு வரி, அவ்வளவுதான்.

ஏன் வரி? வீட்டை இடிக்கும் புல்டோசர் இருக்க, வரியில் யாருக்கு ஆர்வம் வரும் என்று தோன்றும். எனக்கு இது அவர்களுடைய மிகக் கூர்மையான முடிவாகப் படுகிறது. சுரங்கத்தை எதிர்த்தால் சுரங்கத்தில் வேலை பார்ப்பவன் வர மாட்டான். அவன் தம்பி கரி லாரி ஓட்டுகிறான், மைத்துனன் கடை வைத்திருக்கிறான், அவர்களும் வர மாட்டார்கள். ஆனால் பள்ளிக்கூடத்தின் கூரை ஒழுகுவது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பணம் எங்கே போகவில்லை என்று கணக்கைக் காட்டினால் சுரங்கத் தொழிலாளியும் கூட்டத்துக்கு வருவான், ஆசிரியரும் வருவார். யாரும் யாருடைய சோற்றிலும் கை வைக்கவில்லை. இந்தச் சலுகை வரியை எதிர்த்துப் போட்ட வழக்கு 1988இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் வென்றது. அந்தச் சலுகை வரி செல்லாது என்று தீர்ப்பானது, கனிமத்துக்கும் மற்றச் சொத்தைப் போல வரி விழுந்தது, கவுன்டிகளுக்கும் பள்ளிகளுக்கும் பணம் வந்தது.

இதற்கிடையில் பத்திரப் போராட்டமும் கிளம்பிவிட்டது. இங்கே அவர்கள் வைத்துக்கொண்ட ஒரு நடைமுறை முக்கியம். தலைநகர் ஃபிராங்ஃபோர்ட்டில் சட்டமன்றக் குழு முன்னால் பேசப் போனது சம்பளம் வாங்கும் களப்பணியாளர்கள் அல்ல, பத்திரத்தால் பாதிக்கப்பட்டவர்களே. களப்பணியாளரின் வேலை வீடு வீடாகப் போய்க் கேட்பது, ஒரே குறை உள்ள இரண்டு குடும்பங்களை ஒரே அறையில் உட்கார வைப்பது, பேசப் பயப்படுகிறவருடன் முதல் நாள் இரவு சமையலறை மேசையில் உட்கார்ந்து மூன்று நிமிடப் பேச்சை ஒத்திகை பார்ப்பது. மறுநாள் அவர் பின்வரிசையில் உட்கார்ந்துகொள்வார். பேச்சு முடிந்து வெளியே வந்ததும் எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்று அங்கேயே நின்று பேசிவிடுவார்கள். இப்படி நாலு முறை போய்வந்தவர், தன் ஊரில் அடுத்த கூட்டத்தைத் தானே நடத்துவார். பணியாளர் வேறு ஊருக்குப் போனாலும் கூட்டம் நிற்காது.

1984இல் சட்டமன்றம் பிராட் ஃபார்ம் பத்திரங்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை நிறைவேற்றியது. 1987இல் மாநில உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று ஏகர்ஸ் எதிர் பால்ட்வின் வழக்கில் தள்ளிவிட்டது. பல அமைப்புகள் இந்த இடத்தில்தான் உடையும். மூன்று வருட உழைப்பு ஒரே தீர்ப்பில் போய்விட்டால் யாருக்கும் மனசு விட்டுப்போகும். இவர்கள் அரசியல் சாசனத் திருத்தம் கேட்டார்கள். அதற்குச் சட்டமன்றத்தின் ஒப்புதல் மட்டும் போதாது, மாநிலம் முழுவதும் வாக்கெடுப்பில் வெல்ல வேண்டும். லூயிவில், லெக்சிங்டன் நகரவாசிகளுக்கும், மேற்கே புகையிலை பயிரிடும் விவசாயிகளுக்கும் இந்தப் பத்திரத்தால் ஒரு கஷ்டமும் இல்லை. அவர்களிடம் போய், 'உங்கள் வீட்டுக்கு அடியில் இருப்பதை நூறு வருடத்துக்கு முன் யாரோ விற்றுவிட்டார் என்பதற்காக உங்கள் வீட்டையே இன்னொருவன் புரட்டிப்போடலாமா' என்று கேட்டார்கள். சொந்த வீடு வைத்திருக்கும் எவருக்கும் இது புரியும்.

1988 நவம்பர் வாக்கெடுப்பில் 82 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. பத்திரத்தில் தெளிவாக வேறுவிதமாக எழுதியிராவிட்டால், அது எழுதப்பட்ட காலத்தில் அந்தப் பகுதியில் வழக்கத்தில் இருந்த முறையில் மட்டுமே கரி எடுக்கலாம் என்பது திருத்தத்தின் சாரம். பெருக்கல் குறி போட்ட தாத்தா மனத்தில் வைத்திருந்தது எதுவோ அதுதான் செல்லும் என்று சட்டம் கடைசியில் ஒப்புக்கொண்டது. 1993இல் வார்ட் எதிர் ஹார்டிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்து, 1956 தீர்ப்பையும் ரத்து செய்தது.

இதே வட்டாரத்தின் வேறு இரண்டு போராட்டங்களையும் சொல்லிவிடுகிறேன். 1968 நவம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் ஃபார்மிங்டன் சுரங்க வெடிப்பில் 78 பேர் இறந்தார்கள். அதையடுத்து, நுரையீரலில் கரித்தூள் படிந்து மூச்சுத் திணறிச் சாகும் நோய்க்கு இழப்பீடு கேட்டுத் தொழிலாளர்களும் விதவைகளும் மூன்று மருத்துவர்களும் ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். சங்கத் தலைமை அழைக்காமலே 1969 பிப்ரவரியில் ஏறத்தாழ 40,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. இன்னொன்று 1973இல் ஹார்லன் கவுன்டியின் புரூக்சைடு வேலைநிறுத்தம். சுரங்க வாசலில் மறியல் செய்யும் தொழிலாளர் எண்ணிக்கைக்கு நீதிமன்றம் வரம்பு கட்டியதும், அந்த உத்தரவில் பெயரில்லாத மனைவிமார்களும் அம்மாக்களும் வாசலுக்கு வந்து நின்றார்கள். 1974இல் அந்தச் சுரங்கத்துக்குச் சங்க ஒப்பந்தம் கிடைத்தது.

சரி, இதையெல்லாம் கேட்டால் மக்கள் ஒரே குரலில் நின்றதுபோலத் தோன்றும். அப்படி இல்லை. நிலக்கரிப் பகுதியில் அமைப்பு கட்டுவதன் உண்மையான கஷ்டம், எதிர்த்தரப்பு பக்கத்து வீட்டிலேயே, சில சமயம் அதே வீட்டிலேயே இருப்பதுதான். வெடிவைத்து உன் சுவரில் விரிசல் விழ வைத்தவன் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் உன் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பான். 2000களில் மேற்கு வர்ஜீனியாவில் தொடங்கிய 'நிலக்கரியின் நண்பர்கள்' என்ற தொழில்துறைப் பிரசாரம் கென்டக்கியிலும் கார்களின் எண் தகடு வரைக்கும் வந்தது. கூட்டத்துக்குப் போனவள் என்று பெயர் வாங்கினால் அண்ணனுக்கு வேலை போகுமோ என்ற பயம் கற்பனையல்ல.

அதனால் அனுபவமுள்ள களப்பணியாளர் 'நீ சுரங்கத்துக்கு எதிரா?' என்று ஒருபோதும் தொடங்க மாட்டார். கிணற்றுத் தண்ணீரில்தான் தொடங்குவார். என்றைக்கு வெடி வைத்தார்கள், எத்தனை மணிக்கு, மறுநாள் தண்ணீர் என்ன நிறம், சுவரில் விரிசல் எவ்வளவு நீண்டது என்று தேதி போட்டு எழுதி வையுங்கள் என்பார். இந்தக் குறிப்புப் புத்தகத்துக்கு மதிப்பு உண்டாக்கியது 1977இன் கூட்டாட்சித் திறந்தவெளிச் சுரங்கச் சட்டம். எழுத்தில் புகார் கொடுத்த குடிமகன் ஆய்வாளருடன் சுரங்கத்துக்குள்ளேயே போய்ப் பார்க்கலாம். சுரங்கத்திலிருந்து அரை மைலுக்குள் வீடு இருந்தால், வெடிவைக்கும் முன்பே தன் வீட்டைச் சோதித்துப் பதிவு செய்யச் சொல்லலாம். ஒரு இடம் சுரங்கத்துக்கே தகுதியற்றது என்று அறிவிக்கக் கோரி மனுப்போடலாம். கென்டக்கியின் மிக உயரமான பிளாக் மவுண்டனை இந்த மனுவைக் கொண்டுதான் பிடித்து நிறுத்தினார்கள். ஹார்லன் பள்ளிக் குழந்தைகளும் அதில் சேர்ந்தார்கள். 1999இல் உடன்பாடு ஏற்பட்டு, உச்சிப் பகுதியின் கனிம, மர உரிமைகளை மாநிலமே வாங்கிக்கொண்டது. சட்டத்தில் இருக்கும் உரிமை தானாக வீட்டுக்கு வராது. அதைப் படித்துச் சொல்லவும், மனு எழுதவும், ஆய்வாளர் வரும் நாளில் கூட நிற்கவும் ஆள் வேண்டும். அமைப்பின் அன்றாடப் பிழைப்பே இதுதான்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. கிழக்குக் கென்டக்கியில் 2011இல் பதிமூன்றாயிரத்துக்கும் மேல் இருந்த நிலக்கரி வேலைகள் ஐந்தாறு வருடத்தில் நாலாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டன. எதிர்க்க ஆளில்லாவிட்டால் அமைப்பு எதற்கு என்று தோன்றலாம். நான் பார்த்தவரையில் கம்பெனி கிளம்பும்போதுதான் வேலை கூடுகிறது.

2019 ஜூலையில் பிளாக்ஜுவல் என்ற கம்பெனி திவால் மனு போட்டது. தொழிலாளர்களுக்குப் போட்ட சம்பளம் வங்கிக் கணக்கிலிருந்து திரும்பப் பிடுங்கப்பட்டது. அது சங்கமில்லாத சுரங்கம். சிலர் மட்டும் போய் ஹார்லன் கவுன்டியின் கம்பர்லாண்டில் தண்டவாளத்தில் நின்று கரி ஏற்றிய ரயிலை மறித்தார்கள். பிறகு ஊர் வந்தது, சமையல் வந்தது, கூடாரம் வந்தது, ஏறத்தாழ இரண்டு மாதம் நீடித்தது. அந்த இலையுதிர் காலத்தில் 50 லட்சம் டாலருக்கு மேல் சம்பள பாக்கி கொடுக்க ஒப்பந்தமானது. புதிய சுரங்கக் கம்பெனிகள் சம்பளத்துக்கு ஈடாக முன்பணம் கட்ட வேண்டும் என்ற கென்டக்கிச் சட்டம் ஏற்கெனவே இருந்தது, அதை யாரும் அமல்படுத்தவில்லை என்பதும் அப்போதுதான் ஊருக்கே தெரிந்தது. முன்கூட்டியே யாராவது கோப்பைப் புரட்டிக் கேட்டிருந்தால் அந்தக் குடும்பங்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்திருக்கவே வேண்டியதில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

மார்ட்டின் கவுன்டி இன்னொரு பாடம். 2000 அக்டோபரில் கரி கழுவிய சேறு தேக்கிவைத்த குளத்தின் அடி உடைந்து, ஏறத்தாழ 30 கோடி கேலன் கருங்குழம்பு ஓடைகளில் இறங்கியது. சுரங்கம் சுருங்கச் சுருங்கக் கவுன்டியின் வருமானமும் சுருங்கியது. பராமரிப்பில்லாத குழாய்களில் பாதிக்கு மேல் தண்ணீர் ஒழுகிப்போனது. 2018 ஜனவரிக் குளிரில் பல வீடுகளில் குழாயே வறண்டது. அங்கே ஊர்மக்கள் செய்தது பழைய வேலைதான், புதிய அறையில். கட்டணத்தை உயர்த்த வேண்டும் என்று தண்ணீர் வாரியம் ஒழுங்குமுறை ஆணையத்திடம் போனபோது, 'மார்ட்டின் கவுன்டி கன்சர்ன்ட் சிட்டிசன்ஸ்' என்ற குழு தானும் ஒரு தரப்பாகச் சேர்ந்து கணக்குகளைக் கேட்டது. எவ்வளவு கடன், யாருக்குப் பாக்கி, எந்தக் குழாய் எப்போது மாற்றப்படும் என்ற கேள்விகளை ஓய்வூதியத்தில் வாழும் ஆட்கள் விசாரணை அறையில் கேட்டார்கள்.

இன்னும் முடியாதது, கைவிடப்பட்ட சுரங்கங்களைச் சீர்செய்யும் கணக்கு. 2021 கூட்டாட்சி உள்கட்டமைப்புச் சட்டம் பழைய சுரங்க நிலங்களைச் சீர்செய்ய 15 ஆண்டுகளுக்கு 1,130 கோடி டாலர் ஒதுக்கியது. அதற்கு முன்பே அப்பலாச்சியாவின் சின்னச் சின்னக் கவுன்டிகளும் நகரசபைகளும் இப்படிப் பணம் வேண்டும் என்று தீர்மானம் போட்டிருந்தன. அந்தத் தீர்மானங்களுக்குப் பின்னால் ஒவ்வொரு சபையிலும் எழுந்து நின்று பேசிய உள்ளூர்க்காரர்கள் உண்டு. 2022 ஜூலை கடைசியில் கிழக்குக் கென்டக்கி வெள்ளத்தில் 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, மேட்டில் வீடு கட்ட நிலம் எங்கே என்ற 1977இன் கேள்வி அப்படியே திரும்ப வந்தது. சில மேட்டு நிலங்களில், பழைய சுரங்கம் மூடிய இடங்களிலேயே, இப்போது புதுக் குடியிருப்புகள் எழுகின்றன. எந்த மேட்டை யார் கொடுக்கிறார்கள், அடியில் கனிமம் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கும் அதே பதிவறையில்தான் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. போய்ப் பார்க்கத் தெரிந்த தலைமுறைக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். அவர்களிடமிருந்து இளையவர்கள் கற்றுக்கொள்கிற வேலைதான் அந்த அமைப்புகளுக்கு முன்னால் இருப்பதிலேயே அவசரமான வேலை.